கருவாட்டு லேபிள் பாழானது யார் பிழை? அச்சகத்தார் சொல்லும் சொற்களை விளக்குங்கள்

நெய்தலக்கா (மண்டபம்) | ஞாயிறு, காலை 6:50

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து நெத்திலி, சூடை, திருக்கைக் கருவாடு போட்டு 200 கிராம் பொட்டலமாக விற்கிறோம். இதுவரை உறைமேல் பேனாவால் எழுதித்தான் ஒட்டினோம். மதுரைக் கடைக்காரர் ஒருவர் "லேபிள் இருந்தால்தான் அடுக்கில் வைப்பேன்" என்று சொல்லிவிட்டதால் 2,000 ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்தோம். அக்கா மகன் கைப்பேசியிலேயே வரைந்து கொடுத்தான். பளீரென்ற கடல் நீலம், நடுவில் ஒரு வல்லப் படகு, கீழே பெயர், தொலைபேசி எண். பார்க்க அவ்வளவு அழகு.

நேற்றுக் கட்டு வந்தது. பிரித்ததும் வயிறு கலங்கிவிட்டது. கடல் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருக்கிறது. தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கத்தைக் கத்தி பாதி தின்றுவிட்டது. அது 3 ஆ, 8 ஆ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, "நெத்திலி"யின் கொம்பு ந-வுக்கு முன்னால் நிற்க வேண்டியது, பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அச்சகத்தில் கேட்டால் "ப்ளீட் விடவில்லை, ஆர்.ஜி.பி.யில் வந்தது, டி.பி.ஐ. போதவில்லை, ஃபாண்ட் கர்வ் ஆகவில்லை" என்று அடுக்குகிறார்கள். எனக்கு இவற்றில் ஒன்றும் விளங்கவில்லை. முன்பணம் 2,000 ரூபாய் கொடுத்தாயிற்று, மீதி 2,400 கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா? அதற்கு முன், இந்தச் சொற்களுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

பழைய டி.டி.பி. (ராமநாதபுரம்) | ஞாயிறு, காலை 8:15

தங்கச்சி, பணத்தை அப்புறம் பார்ப்போம். வெட்டிலிருந்து தொடங்குகிறேன், அது விளங்கினால் பாதி விளங்கிவிடும்.

உங்கள் லேபிளை யாரும் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்குவதில்லை. பெரிய தாளில் பல லேபிள்களை வரிசையாக அடித்து, தாள்களைக் கட்டாக அடுக்கி, கட்டிங் மெஷினில் ஒரே இறக்காக இறக்குவார்கள். கத்தி அழுத்தும்போது அடுக்கு கொஞ்சம் நழுவும். மேல் தாளுக்கும் அடித் தாளுக்கும் ஒரு மில்லிமீட்டராவது முன்னே பின்னே போகும். எவ்வளவு பெரிய அச்சகமானாலும் இது உண்டு.

இந்த நழுவலுக்கு விடுகிற இடம்தான் ப்ளீட். லேபிள் 100 × 70 மி.மீ. என்று வையுங்கள். பின்னணி நீலத்தை அத்தோடு நிறுத்தாமல் நான்கு பக்கமும் 3 மி.மீ. வெளியே இழுத்து 106 × 76 ஆக வரைய வேண்டும். கத்தி எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நீலத்தின் மேல்தான் விழும். அதேபோல எழுத்து, எண் எல்லாம் வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 3 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். நான் 5 விடுவேன். தையற்காரர் தையலுக்கு வெளியே துணி விடுகிறாரே, அதே கணக்கு.

உங்கள் ஸ்டிக்கரில் எண் வெட்டுப்பட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நெய்தலக்கா (மண்டபம்) | ஞாயிறு, காலை 8:40

இருக்கிறது அண்ணன்! வலது ஓரத்தில் எண் வெட்டுப்பட்டிருக்கிறது, இடது ஓரத்தில் நூல் போல் வெள்ளை. பார்க்காமலே எப்படிச் சொன்னீர்கள்?

வல்லக்காரன் (பாம்பன்) | ஞாயிறு, காலை 9:05

வரைந்தவன் நான்தான். சின்னம்மா என்னைப் பற்றி இங்கே எழுதியிருக்கிறார் என்று நண்பன் சொல்லித்தான் தெரிந்தது.

ப்ளீட் விடாதது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிறத்துக்கு நான் என்ன செய்வேன்? என் கைப்பேசியில் இன்றைக்கும் அது நீலம்தான். சின்னம்மாவின் கைப்பேசியிலும் நீலம். அச்சகத்துக் கணினியிலும் நீலமாகத்தான் தெரிந்திருக்கும். தாளில் மட்டும் கத்தரிக்காய் என்றால் மை போட்டவரைத்தானே கேட்க வேண்டும்?

சிவகாசிக்குப் போனவன் (சாயல்குடி) | ஞாயிறு, காலை 10:30

தம்பி, மை போட்டவனில் நானும் ஒருவன். பதினாறு வருடமாக ஆஃப்செட் மெஷினில் நிற்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

உன் கைப்பேசித் திரை ஒரு விளக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அதுதான் ஆர்.ஜி.பி. மூன்றையும் முழுதாக எரியவிட்டால் வெள்ளை. தாளில் விளக்கு இல்லை. மேலே விழுகிற வெளிச்சத்தில் கொஞ்சத்தை மை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. அங்கே சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என நான்கு மை. அது சி.எம்.ஒய்.கே. கடைசி "கே" கறுப்பைக் குறிக்கிறது. "கீ" பிளேட் (நிறத்துக்கு ஒன்றாகச் செய்யும் அச்சுத் தகடு) என்பதிலிருந்து வந்த எழுத்து. மற்ற மூன்று பிளேட்டுகளையும் அதனோடு பொருத்திப் பார்ப்பார்கள்.

விளக்கு காட்டுகிற எல்லா நிறத்தையும் மையால் காட்ட முடியாது. பளீர் நீலமும் பளீர் பச்சையும்தான் முதலில் அடிபடும். திரை நீலத்தை நான்கு வண்ணத்துக்கு மாற்றும்போது சயானோடு மெஜந்தாவும் ஏறிக்கொள்ளும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து அளவில் இருந்தால் ஊதா அடிக்கும். அதுதான் உன் கத்தரிக்காய். கடல் நீலமாக வேண்டுமென்றால் சயானைவிட மெஜந்தாவை 30 சதவீதமாவது குறைத்து வை. சயான் 100, மெஜந்தா 50 என்று வைத்துப் பார், வேறு கடல் தெரியும்.

கையில் பூதக்கண்ணாடி இருந்தால் அந்த ஸ்டிக்கரை அதன் கீழ் வைத்துப் பார். நீலம் என்று நீ நினைத்த இடத்தில் சயான் புள்ளியும் மெஜந்தா புள்ளியும் ரோஜாப்பூ இதழ் மாதிரி வட்டமாக நிற்கும். முதல்முறை எங்கள் ஃபோர்மேன் லென்ஸைக் கொடுத்துக் காட்டியபோது நான் அரை மணி நேரம் வேலையை விட்டுவிட்டுக் காலண்டர் சாமியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. சின்ன எழுத்தைத் தனிக் கறுப்பில் மட்டும் வை. திரைக் கறுப்பை அப்படியே மாற்றினால் நான்கு மையிலும் கறுப்பு வரும். நான்கு பிளேட்டும் மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக நிழல் ஆடும். "ரிஜிஸ்டர் விலகிவிட்டது" என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

கீழக்கரை காக்கா | ஞாயிறு, பகல் 12:10

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சாயல்குடித் தம்பி நன்றாகவே சொன்னார். ஆனால் கருவாட்டுக்கு எதற்கு நான்கு வண்ணம் என்று கேட்க ஒருவரும் இல்லையே.

நான் ஸ்கிரீன் பிரின்டிங் ஆள். நிக்காஹ் பத்திரிகை, தொதல் டப்பா, துணிப்பை, இவைதான் என் பிழைப்பு. மரச்சட்டத்தில் நைலான் வலையை இழுத்துக் கட்டி, மருந்து பூசி, படத்தை வெளிச்சத்தில் காட்டிக் கழுவினால் எழுத்து உள்ள இடத்தில் மட்டும் வலைக்கண் திறக்கும். மேலே மையை ஊற்றி ரப்பர் கட்டையால் ஒரு இழுப்பு. ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம்.

எங்கள் நீலம் புள்ளிபுள்ளியாகத் தாளில் கலப்பதில்லை. டப்பாவிலேயே கலந்துவிடுகிறோம். இதைத்தான் ஸ்பாட் கலர் என்கிறார்கள். பான்டோன் என்ற நிற அட்டையில் எண்ணைக் காட்டிக் கேட்டால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும். முதல் கட்டுக்கும் பத்தாவது கட்டுக்கும் நிறம் மாறாது. நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டே இழுப்பு. நெய்தலக்கா லாத்தாவின் வல்லத்தைப் போட்டோவாகப் போடாமல் கோட்டுப்படமாகப் போட்டிருந்தால் செலவும் குறைந்திருக்கும், கடையில் தூரத்திலிருந்து தெரிந்தும் இருக்கும்.

கண்ணாடி போன்ற உறைமேல் நேராக அடிக்கிற யோசனை இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அடியில் வெள்ளை மை ஒரு பூச்சு வேண்டும். இல்லாவிட்டால் நீலத்துக்குள்ளே நெத்திலி நீந்தும்.

சிவகாசிக்குப் போனவன் (சாயல்குடி) | ஞாயிறு, பகல் 12:45

காக்கா, உங்கள் கைவேலையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்தாயிரம் லேபிளை ரப்பர் கட்டையால் இழுத்து முடிப்பதற்குள் அடுத்த மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும்.

கீழக்கரை காக்கா | ஞாயிறு, பகல் 12:52

லாத்தா கேட்டது இரண்டாயிரம், தம்பி.

பழைய டி.டி.பி. (ராமநாதபுரம்) | ஞாயிறு, பகல் 1:30

இரண்டு பேரும் சரிதான். ஆஃப்செட்டில் பிளேட் செய்து, மெஷினைத் தயார் செய்து, மை சமநிலைக்கு வரும்வரை கழிவுத் தாள் ஓட்ட வேண்டும். நூறு அடித்தாலும் அந்தச் செலவு அதேதான். அதனால்தான் ஆயிரத்துக்குக் கீழே கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். எண்ணிக்கை ஏற ஏற ஒன்றின் விலை இறங்கும். டிஜிட்டலில் பிளேட் கிடையாது, ஐம்பதும் அடிக்கலாம். ஆனால் ஐம்பதாவதுக்கும் ஐயாயிரமாவதுக்கும் விலை பெரிதாக மாறாது. முதல்முறை விற்றுப் பார்க்கிறவர்களுக்கு டிஜிட்டல் போதும் என்பது என் கருத்து.

சரி, நெத்திலிக்கு வருகிறேன். தங்கச்சி, பையன் அனுப்பிய படத்தில் கொம்பு சரியாக இருந்ததா?

வல்லக்காரன் (பாம்பன்) | ஞாயிறு, பகல் 1:41

சரியாக இருந்தது அண்ணன். படம் இன்னும் இருக்கிறது. அவர்கள்தான் திரும்பத் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

பழைய டி.டி.பி. (ராமநாதபுரம்) | ஞாயிறு, பகல் 2:20

அப்படியானால் இது அச்சகத்தின் பிழை. ஆனால் ஏன் திரும்பத் தட்டச்சு செய்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

நீ அனுப்பியது படம் தம்பி, வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியிருப்பாய். அது அளவைச் சுருக்கித்தான் அனுப்பும். அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். டி.பி.ஐ. என்பது அதுதான். வல்லம் மூன்று அங்குலம் அகலத்தில் வர வேண்டும் என்றால் 900 புள்ளி தேவை. எங்கிருந்து வெட்டி எடுத்தாய்?

வல்லக்காரன் (பாம்பன்) | ஞாயிறு, பகல் 2:26

என் பழைய ஸ்டேட்டஸிலிருந்து. இப்போது பார்த்தேன், 400 புள்ளிதான் இருக்கிறது.

பழைய டி.டி.பி. (ராமநாதபுரம்) | ஞாயிறு, பகல் 3:05

மூன்று அங்குலத்துக்கு 400 என்றால் அங்குலத்துக்கு 133. வல்லம் மூடுபனியில் போவதுபோல்தான் தெரியும். கணினியில் எண்ணை மட்டும் 300 என்று மாற்றி வைத்தாலும் இல்லாத விவரம் வராது. தண்ணீர் ஊற்றிக் குழம்பைக் கூட்டுவது மாதிரி. இனி அனுப்பும்போது டாகுமென்டாக அனுப்பு. எழுத்தையும் கோட்டுப்படத்தையும் வெக்டாராக வைத்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை. வெக்டார் புள்ளிகளால் ஆனதல்ல, கோடுகளின் கணக்கு. லேபிளுக்கும் அதே கோப்பு, பஸ் நிலையத்துப் போர்டுக்கும் அதே கோப்பு.

உன் படத்தில் எழுத்து மங்கியதால் ஆபரேட்டர் பெயரைத் திரும்ப அடித்திருக்கிறார். இங்கேதான் நம் தமிழின் தனிப் பஞ்சாயத்து ஆரம்பம். பல கடைகளில் இன்னும் பழைய பேஜ்மேக்கர், பழைய கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருள்கள் ஓடுகின்றன. அவற்றுக்குப் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான் பழக்கம். அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிவது அதனால்தான். யூனிகோடு அப்படியல்ல. அதில் "நெ" என்பது முதலில் ந, பிறகு எகரக் கொம்பு என்றுதான் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கி வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் ஒட்டினால் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். பழைய போட்டோஷாப்பிலும் "வேர்ல்டு ரெடி" என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இதே கூத்துதான். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். பல கடைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இதற்கு மருந்து "கர்வ்" செய்வது. எழுத்தை எழுத்தாக வைக்காமல் வரைபடமாக மாற்றிவிடுவது. பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு நகராது. ஆனால் கர்வ் செய்தபின் ஒரு புள்ளியைக்கூடத் தட்டச்சால் திருத்த முடியாது. ஆகவே கர்வ் செய்யாத பிரதி ஒன்றைத் தனியாகப் பத்திரப்படுத்து. ஒருமுறை நான் ஒரே பிரதியைக் கர்வ் செய்து சேமித்துவிட்டேன். அது கல்யாணப் பத்திரிகை. இரவு பதினொரு மணிக்குப் பெண்ணின் மாமா வந்து "முகூர்த்தம் ஒன்பதரை அல்ல, பத்தரை" என்றார். பத்து என்ற எழுத்தை வேறு இடங்களிலிருந்து வெட்டி வெட்டி ஒட்டினேன். இன்றைக்கும் அந்தப் பத்திரிகையைப் பார்த்தால் "த்து" கொஞ்சம் தூக்கலாகத் தெரியும்.

தொண்டி வாத்தியார் | ஞாயிறு, மாலை 5:15

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. என் கேள்வி ஒன்றுதான். இவற்றையெல்லாம் வேலை வாங்கும்போதே அச்சகத்தார் ஏன் சொல்வதில்லை? பணம் வாங்கும்போது "முடித்துவிடலாம் சார்" என்பார்கள். பிழை வந்தபின் பேசுவது அத்தனையும் பரிபாஷை.

எங்கள் பள்ளி விழா மலரை 50 பக்கத்துக்குத் தயார் செய்து கொண்டுபோனேன். அச்சிடக் கொடுத்து ஒரு வாரம் கழித்து "52 ஆக்குங்கள், இல்லாவிட்டால் 48 ஆகக் குறையுங்கள்" என்றார்கள். காரணம் கேட்டால் "சென்டர் பின் சார்" என்ற இரண்டு சொல்தான் பதில். கடைசியில் தலைமையாசிரியர் படத்தை ஒரு முழுப் பக்கத்துக்கும், கடலை ஒரு முழுப் பக்கத்துக்கும் போட்டு 52 ஆக்கினோம். கடல் படம்தான் நன்றாக வந்தது.

சிவகாசிக்குப் போனவன் (சாயல்குடி) | ஞாயிறு, மாலை 6:00

சார், ஒரு தாளை எடுத்து நடுவில் மடித்துப் பாருங்கள். நான்கு பக்கம் வரும். மடிப்பில் பின் அடிக்கிற புத்தகத்தில் அதனால் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும். மெஷினில் பெரிய தாளாக ஓடும்போது எட்டு, பதினாறு பக்கம் சேர்ந்து ஒரு ஃபார்ம் வரும். மூன்று முறை மடித்தால் பதினாறு. உங்கள் ஐம்பதில் இரண்டு பக்கம் எந்தத் தாளிலும் ஒட்டாமல் அந்தரத்தில் நின்றிருக்கும். இதை அவர்கள் இப்படிச் சொல்லியிருக்கலாம், தப்புதான்.

தொண்டி வாத்தியார் | ஞாயிறு, மாலை 6:35

இப்படிச் சொல்லியிருந்தால் அன்றே விளங்கியிருக்கும். பதினாறு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தமிழில் முதல் அச்சுப் புத்தகங்களில் ஒன்றான "தம்பிரான் வணக்கம்" 1578-இல் கொல்லத்தில் அச்சானது. மொத்தம் 16 பக்கம். அதைத் தமிழில் ஆக்கிய போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அன்றீக்கே அடிகளார் நம் கரையில்தான் நெடுங்காலம் இருந்தார். 1549-இல் வேதாளையில் கிரிமினாலி பாதிரியார் கொல்லப்பட்ட பிறகு முத்துக்குளித்துறைப் பொறுப்பு அவரிடம்தான் வந்தது. மண்டபம் அக்கா வீட்டிலிருந்து வேதாளை எத்தனை தூரம்? அச்சு நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை என்று சொல்ல வந்தேன். இழையைத் திசை திருப்பியதற்கு மன்னிக்கவும்.

நெய்தலக்கா (மண்டபம்) | ஞாயிறு, இரவு 8:20

வேதாளை பக்கத்து ஊர்தான் சார். கருவாட்டிலிருந்து அங்கே போவோம் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு சந்தேகம். ஒரு ஸ்டிக்கரை உறைமேல் ஒட்டி வாசலில் வைத்தேன். கடல் காற்று ஈரத்தில் சாயங்காலத்துக்குள் ஓரம் சுருண்டுவிட்டது. விரலால் தேய்த்தால் மேல்தோல் உரிகிறது. "130 ஜி.எஸ்.எம். போட்டிருந்தால் நிற்கும்" என்று ஒருவர் சொல்கிறார். சரியா?

கீழக்கரை காக்கா | ஞாயிறு, இரவு 9:00

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற எடை. பள்ளி நோட்டு, ஜெராக்ஸ் தாள் 70, 80. வழுவழு நோட்டீஸ் 90 முதல் 130. விசிட்டிங் கார்டு 300-ஐ ஒட்டி. கனம் கூடினால் விறைப்பு கூடும், அவ்வளவுதான். 300 ஜி.எஸ்.எம். தாளானாலும் தண்ணீரில் போட்டால் தாள் தாள்தான்.

உங்களுக்கு அடித்தது குரோமோ ஸ்டிக்கர், அது காகிதம். லாத்தா, கருவாட்டில் உப்பும் உண்டு, எண்ணெயும் உண்டு, கடைக்காரர் ஃபிரிட்ஜிலும் வைப்பார். பி.பி. ஸ்டிக்கர் என்று கேளுங்கள். பிளாஸ்டிக் படலம், கிழித்தாலும் எளிதில் கிழியாது. மேலே லேமினேஷன் போட்டால் தேய்ப்புக்கும் தாங்கும். மேட் வேண்டுமா, கிளாஸா என்று கேட்பார்கள். மேட் மினுங்காது, கிளாஸ் மினுங்கும். கடை விளக்குக்கு அடியில் படிக்க மேட்தான் வசதி.

உச்சிப்புளி பனைவெல்லம் | ஞாயிறு, இரவு 9:45

அக்கா, நானும் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவள்தான். கருப்பட்டி விற்கிறேன். திரும்ப அடிப்பதற்கு முன் லேபிளில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். படத்தையும் பெயரையும் மட்டும்தான் சொன்னீர்கள்.

உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் வேண்டும். நிகர எடை, அதிகபட்ச விலை, தொகுதி எண், எந்தத் தேதி தயாரித்தது, எதுவரை பயன்படுத்தலாம், தயாரிப்பாளர் முகவரி, எல்லாம் வேண்டும். கருவாடு அசைவம், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முன்பெல்லாம் அசைவத்துக்கும் பழுப்பு வட்டம்தான். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் தெரியட்டும் என்று முக்கோணமாக்கினார்கள். பழைய படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள். மீன் ஒவ்வாமை தரும் பொருள் என்பதால் "மீன் உள்ளது" என்பதையும் எழுத வேண்டும்.

தேதியையும் தொகுதி எண்ணையும் அச்சடிக்காதீர்கள்! மேட் பரப்பில் சின்ன வெள்ளைக் கட்டம் விட்டுவிட்டு ரப்பர் முத்திரையால் குத்திக்கொள்ளுங்கள். நான் முதல்முறை தேதியோடு ஐயாயிரம் அடித்து, இப்போதும் அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பார்கோடு போடுவதானால் கறுப்புக் கோடு, வெள்ளைப் பின்னணி. சிவப்புக் கோடு அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஸ்கேனரின் வெளிச்சமும் சிவப்பு, அதற்குக் கோடே தெரியாது. இரண்டு பக்கமும் வெற்றிடம் விட வேண்டும். ரொம்பவும் சுருக்கக் கூடாது. நிலையான அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள்.

தொண்டி வாத்தியார் | திங்கள், காலை 6:10

மீதி 2,400 பற்றி யாருமே வாய் திறக்கவில்லை. எனக்குத் தோன்றுவது: கொம்பை மாற்றியவர்கள் அவர்கள். கொடுக்க வேண்டியதில்லை.

சிவகாசிக்குப் போனவன் (சாயல்குடி) | திங்கள், காலை 7:00

அக்கா, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். புரூஃப், அதாவது அடிப்பதற்கு முன் பார்த்துச் சரி சொல்ல ஒரு மாதிரி, அனுப்பினார்களா?

நெய்தலக்கா (மண்டபம்) | திங்கள், காலை 7:25

அனுப்பினார்கள் தம்பி. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில். அன்றைக்கு மழை வரும்போல் இருந்ததால் கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்தேன். படத்தைத் திறக்காமலே கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டேன். அதை முதலில் எழுத வெட்கமாக இருந்தது.

சிவகாசிக்குப் போனவன் (சாயல்குடி) | திங்கள், காலை 8:10

அந்தக் கட்டைவிரல்தான் உங்கள் கையெழுத்து அக்கா. அச்சுத் தொழிலில் புரூஃபுக்கு ஒப்புதல் கொடுத்தபின் வருகிற எழுத்துப் பிழை வாடிக்கையாளருடையது. எந்த ஊரிலும் இப்படித்தான். கொம்பு விஷயத்தில் நீங்கள் பாதி தோற்றுவிட்டீர்கள்.

ஆனால் வெட்டு வேறு. ப்ளீட் இல்லாத கோப்பு கையில் வந்தால் கட்டிங் மெஷினுக்குப் போவதற்கு முன்பே சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. தொழில் தெரிந்தவன் அவன்தான். நிறத்தையும் கைப்பேசிப் படத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ள முடியாது. அது திரும்பவும் விளக்குதானே. நிறத்துக்குத் தாளில் எடுத்த புரூஃப்தான் சாட்சி. அதை அவர்கள் காட்டவில்லை. சண்டை போடாமல் இதை இப்படியே எடுத்துச் சொல்லுங்கள்.

வல்லக்காரன் (பாம்பன்) | திங்கள், காலை 8:30

சின்னம்மா, நானும் வருகிறேன். அங்கே என் கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் திருத்தியதன் மூலக் கோப்பு நமக்குத்தானே சொந்தம்?

பழைய டி.டி.பி. (ராமநாதபுரம்) | திங்கள், காலை 9:15

அது பேசிக்கொண்டதைப் பொறுத்தது தம்பி. அச்சுக்கூலி மட்டும் பேசியிருந்தால் பெரும்பாலான கடையில் திறந்த கோப்பு கொடுக்க மாட்டார்கள், பி.டி.எஃப். தருவார்கள். வடிவமைப்புக்குத் தனியாகக் கூலி பேசி, "கோரல் கோப்பும் சேர்த்து" என்று ரசீதில் எழுத வைத்தால் கேட்கலாம். இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்ததை நாளைக்குப் பக்கத்துக் கடையில் கொண்டுபோய் அடித்துக்கொள்வீர்களே என்ற வயிற்றெரிச்சல் எங்களுக்கும் உண்டு. இதில் நான் நடுநிலையாக இருக்க மாட்டேன்.

நெய்தலக்கா (மண்டபம்) | வியாழன், மாலை 4:40

போய் வந்தோம். நான் "ப்ளீட்" என்று சொன்னதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் பேசினோம். மீதி 2,400-ஐக் கொடுத்துவிடுவது. புதிதாக 500 லேபிளை டிஜிட்டலில், பி.பி. ஸ்டிக்கரில் மேட் லேமினேஷனோடு, கூலி வாங்காமல் தாள் விலைக்கு மட்டும் அடித்துத் தருவது என்று முடிந்தது. பழைய கட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. பின்பக்கம் பால் கணக்கு எழுதுகிற யோசனை நல்ல யோசனைதான்.

வல்லத்தைக் கோட்டுப்படமாக வரைந்துவிட்டான். நீலம், கறுப்பு, அந்த முக்கோணத்துக்குக் கொஞ்சம் பழுப்பு. இந்தமுறை தாளில் எடுத்த புரூஃபைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு பேரும் வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்தோம். கொம்பு சரி. தொலைபேசி எண் ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே, அளவுகோல் வைத்தே பார்த்தேன். கையெழுத்துப் போடப் போனேன். எங்கள் குழுவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியம்மா உண்டு. உரிம எண்ணின் இலக்கங்களை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதின்மூன்று.

அச்சகத்துக்குத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறோம். பஸ்ஸிலிருந்துதான் எழுதுகிறேன்.